மூக்கில்லாத ராஜாவின் உத்தரவு

அந்த அருங்காட்சியகத்தின் காவலாளிக்கு மந்திரி என்று பட்டப்பெயர் விழுந்ததற்கு அவருடைய வாய்தான் காரணம். தொளதொளத்த காக்கிக் கால்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற மனிதர், பேச ஆரம்பித்தால் நேற்றுச் சாயங்காலம்தான் ராஜசபையை விட்டு எழுந்து வந்தவர் போலப் பேசுவார். "நம்ம ராஜா என்ன பண்ணாரு தெரியுமா?" என்றுதான் தொடங்குவார். அந்த ராஜா செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. அவருடைய பேரரசும் அவர் பின்னாலேயே போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சுவர். அதைச் சுற்றி நாலு சுவர் எழுப்பி, மேலே கூரை போட்டு, டிக்கெட் கொடுக்க ஒரு ஜன்னல் வைத்தார்கள். அருங்காட்சியகம் ஆகிவிட்டது.

சுவரின் ஒரு கோடியில் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். மூக்கு எப்போதோ உடைந்துபோயிற்று. அதனால் அதிகாரம் குறைந்ததாகத் தெரியவில்லை. அவர் ஆட்சிக்கு உட்பட்ட ஜனங்கள் எல்லாம், ஜனத்துக்கு இரண்டு ஆள் வீதம், கையில் காணிக்கையோடு அவரை நோக்கி வரிசையாக வருகிறார்கள். கூம்புத் தொப்பிக்காரர் இருவர் துணிமூட்டை சுமக்கிறார்கள். சுருட்டைத் தாடிக்காரர் இருவர் வில்லேந்தி வருகிறார்கள். நடுவில் மட்டும் கணக்குக் கொஞ்சம் இடிக்கும். கிடாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன். அவனுக்குப் பின்னால் குடத்தை அணைத்துக்கொண்டு ஒருவன். ஜனத்துக்கு ஒருவன்தான். மற்ற ஜனங்களுக்கு இரண்டு பேர் தேவைப்பட்ட இடத்தில் கிடாக்காரர்களுக்கு ஒருத்தன் போதும் என்பது மந்திரியின் விளக்கம். இரண்டு பேர் தொப்பியும் ஒன்றுபோல் இருக்கிறதே என்று யாராவது கேட்டுவிட்டால், "சாய்மானத்தைப் பாருங்க, சாய்மானத்தை" என்பார். கேட்டவர்கள் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மந்திரி கிடாக்காரர். ஊரின் நடுவே ஆறு ஓடுகிறது. மேற்குக் கரை கிடாக்காரர்களுடையது, கிழக்குக் கரை குடக்காரர்களுடையது. இன்றைக்குக் கிடாக்காரர்களில் கிடா வளர்க்கிறவர் ஒருத்தரும் கிடையாது. குடக்காரர் வீடுகளில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் வாளி. அதனால் என்ன? மண்ணும் ஆறும் உண்டான நாளிலிருந்து தாங்கள் வேறு ஜாதி ரத்தம் என்பதில் இரண்டு கரைக்கும் சந்தேகமே இல்லை. குடக்காரர்கள் வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசுவார்கள், வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள் என்பார்கள் மேற்கே. கிழக்கே போய்க் கேட்டால் கிடாக்காரர்களைப் பற்றி அதையே சொல்வார்கள், அதே இழுப்போடு. ஆதாரம் வேண்டுமென்றால் இரு தரப்பும் கைகாட்டுவது அந்தச் சுவரைத்தான். கல்லில் வெட்டியிருக்கிறதே, அப்புறம் என்ன?

மேற்குக் கரைச் சங்கத்துக்கு மந்திரிதான் செயலாளர். தினமும் காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் சுவரைத் தூசி தட்டுவதும் அவர் வேலை. மென்மையான தூரிகையால் ஒப்புக்குத் தட்டினால் போதும் என்பது உத்தரவு. ராஜாவுக்கும், தாடிக்காரர்களுக்கும் அந்த ஒப்புத்தான் நடக்கும். குடக்காரன் முன்னால் தூரிகை காற்றை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஆனால் கிடாக்காரன் முன்னால் வந்ததும் மந்திரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று சட்டைப் பையில் இருக்கும். காதுமடல், விரலிடுக்கு, கிடாவின் கொம்பு, வயிற்றடி என்று ஒரு இடம் விடாமல் தேய்ப்பார். பிறந்த குழந்தைக்குக்கூட யாரும் அப்படிப் பார்த்துப் பார்த்துத் துடைத்துவிட மாட்டார்கள். வரிசையில் எல்லாரும் அழுக்கேறி நிற்க, கிடாக்காரன் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னுவான். "எங்க கிடாவோட வயித்தப் பாருங்க, எவ்வளவு உருண்டையா இருக்கு! அந்தக் காலத்துலயே நாங்க அப்படி வளர்த்தோம்" என்பார் மந்திரி.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே தங்கை. அவள் போய்க் கட்டிக்கொண்டது ஒரு குடக்காரரை. மின்சார வேலை செய்கிறவர், நல்ல கைத்தொழில், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் எதையும் கேட்கிற நிலையில் மந்திரி இல்லை. "எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்று சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர் எதிரில் நின்று சொன்னார். நாற்பது பேர் முன்னால் சொல்வதற்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் இருபத்தைந்து வருஷமாக வழி தெரியவில்லை.

தங்கை இல்லையென்று சொன்னாரே தவிர, அவள் சேதி இல்லாமல் அவருக்கு ஒரு மாதம் ஓடாது. மந்திரியின் மனைவி மாதம் இரண்டு தடவை மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போவாள். பை காலியாகத் திரும்பி வரும். மந்திரி பையைப் பார்க்க மாட்டார். செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கமெல்லாம் மழையா?" என்று கேட்பார்.

"மழைதான். முழங்கால் வலி இருக்காம் மழைக்கு."

"மழைக்கு முழங்கால் வலின்னா டாக்டர்கிட்ட காட்டணும்."

"காட்டியாச்சாம் மழை. தைலம் குடுத்திருக்காராம்."

இந்த மழையின் மகன் பள்ளிக்கூடம் முடித்ததும், கல்லூரியில் சேர்ந்ததும், தூர ஊரில் வேலை கிடைத்துப் போனதும் எல்லாம் மந்திரிக்கு இப்படித்தான் தெரியும்.

அருங்காட்சியகத்துக்குப் புது விளக்குகள் போடும் வேலை வந்தது. ஒப்பந்தம் யாருக்குப் போயிற்று என்று சொல்லவும் வேண்டுமா? ஒரு புதன்கிழமை காலை, தோளில் ஒயர்ச் சுருளும் கையில் ஏணியுமாக மந்திரியின் தங்கை புருஷன் கதவில் வந்து நின்றார். ஒருத்தருக்கொருத்தர் பேசக் கூடாது. பேசாமல் வேலையும் நடக்காது. மந்திரி கொஞ்சம் யோசித்துவிட்டு ராஜாவைப் பார்த்துத் திரும்பினார்.

"ராஜா, ஏணிய இப்படிக் குறுக்க போட்டா வர்றவங்க தடுக்கி விழ மாட்டாங்களா? இத யாராவது கேக்கறாங்களா?"

மின்சாரக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. கல்லில் நின்ற குடக்காரனின் தோளைத் தொட்டு, "பெரியப்பா, ஏணிய இதோ எடுத்துடறேன். மெயின் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு மட்டும் அவர்ட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

"ராஜா, கல்லத் தொடக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு. மெயின் ஸ்விட்ச் டிக்கெட் ரூமுக்குப் பின்னாடி."

நாலு நாள் இப்படியே ஓடியது. காப்பாட்சியர் அம்மாள், நடுவயதுப் பெண்மணி, வேறு ஊர்க்காரர், தன் அறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் நாள் அவருக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மந்திரியின் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "செவ்வாக்கிழமை காலைல லாரி வருதாம்."

"எங்க?"

"மழை வீட்டுக்குத்தான். வீட்டக் காலி பண்றாங்க. பையன்கூடவே போய் இருக்கப் போறாங்களாம், ரெண்டு பேரும். உங்க மியூசியம் வேலைதான் இங்க கடைசி வேலையாம். அது முடிஞ்சதும் கிளம்பறாங்க."

மந்திரி பத்திரிகையைப் பிரித்தபடியே இருந்தார். பக்கம் திருப்பவில்லை. "போறவங்க போகட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஊரு ரொம்பத் தூரமா?" என்றார்.

"ரயில்ல ரெண்டு நாள்." மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு, மனைவி அவர் முன்னால் வந்து நின்றாள். "இங்க பாருங்க, இனிமே நான் பைய எடுத்துக்கிட்டுப் போக முடியாது. மழை வெயில் எல்லாத்தையும் நீங்களே போய்ப் பாத்துக்கங்க. இல்லன்னா விட்டுடுங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கை இருக்கிறாள் என்பதே இத்தனை வருஷமாக அவருக்குப் போதுமாக இருந்தது. என்றைக்காவது ஒருநாள் போகலாம் என்று மனசின் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார். அந்த ஒருநாளுக்கு இப்போது தேதி விழுந்துவிட்டது. ஆனால் போவது எப்படி? பாலத்தில் நடந்தால் சங்கத்துக்காரர் நாலு பேராவது பார்ப்பார்கள். செயலாளர் எங்கே போகிறார் என்று கேட்டால் என்ன சொல்வது?

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. விளக்கெல்லாம் சரியாக விழுகிறதா என்று சோதிப்பதற்காகப் பட்டப்பகலிலேயே ஜன்னல் ஷட்டர்களை இறக்கிக் கூடத்தை இருட்டாக்கினார்கள். மின்சாரக்காரர் ஒரு விளக்கை ஸ்டாண்டில் மாட்டி, சுவருக்கு அணைவாக வைத்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கல்லைத் தடவிக்கொண்டு போகிறபடி திருப்பினார். மேலிருந்து விழுகிற வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த ஜனங்கள் எல்லாம் திடீரென்று எழும்பி நின்றார்கள். தாடியில் சுருள் சுருளாக மயிர் தெரிந்தது. மந்திரிகூட வாயைப் பிளந்துவிட்டார்.

வெளிச்சம் கிடாக்காரன் மேல் வந்தது. சட்டென்று மின்சாரக்காரர் விளக்கைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டார்.

"திருப்புங்க" என்றார் மந்திரி.

ராஜாவைப் பார்த்து அல்ல. நேராக அவர் முகத்தைப் பார்த்து. இருபத்தைந்து வருஷத்தில் முதல் வார்த்தை.

"ஒண்ணுமில்ல மச்சான். பல்பு கொஞ்சம் சூடாயிடுச்சு."

"திருப்புங்கன்னா திருப்புங்க."

விளக்கு திரும்பியது. கிடாவின் உருண்டை வயிற்றைச் சுற்றி ஒரு கோடு ஓடிற்று. வயிற்றுக்கு அடியில், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே, வட்டமான ஒரு பீடம். கிடாவின் கொம்பு வளைந்து இறங்குகிற அதே வளைவில், கழுத்துக்கு மறுபக்கமும் ஒரு வளைவு. யாரோ உளியால் கொத்தித் தள்ளிவிட்ட தடம். ஒரு பக்கத்துக் கைப்பிடி கொம்பாகிவிட்டது. மறுபக்கத்துக் கைப்பிடியைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். கிடாவுக்குள் அழகாக, முழுசாக, ஒரு குடம் இருந்தது.

கொத்திய பள்ளங்களையெல்லாம் அந்தக் காலத்திலேயே சுண்ணாம்பு வைத்துப் பூசி மறைத்திருக்கிறார்கள். அழுக்கேறினால் கல் எது, பூச்சு எது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. மந்திரியின் பல் துலக்கும் பிரஷ்தான் வருஷக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து அந்தப் பூச்சைத் துளி மிச்சமில்லாமல் எடுத்திருந்தது. பாசம் அப்படி.

மந்திரி கிடாவின் வயிற்றடியை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"எப்பப் பாத்தீங்க?" என்றார் மந்திரி.

"வெள்ளிக்கிழமையே. சும்மா டார்ச் அடிச்சப்ப."

"ஏன் சொல்லல?"

மின்சாரக்காரர் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே தயங்கினார். "உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்னு சொல்லலாம். ஆனா நிஜம் அது இல்ல மச்சான். கிடாக்காரங்க எல்லாரும் எங்க ஆளுங்கன்னு ஆயிட்டா, அப்புறம் எங்களுக்குன்னு என்ன இருக்கு? எங்க சங்கத்துல என்னை உயிரோட விடுவாங்களா?"

மந்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் கவலையை அடுத்தவன் வாயால் கேட்டபோது அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது! அவர் சிரித்ததைப் பார்த்து மின்சாரக்காரரும் சிரித்தார். சிரிப்புச் சத்தம் கேட்டுக் காப்பாட்சியர் அம்மாள் ஓடி வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்தார். அப்புறம் அவருக்கு இவர்கள் இருவரும் இருப்பதே மறந்துபோய்விட்டது. தரையில் மண்டி போட்டுக்கொண்டு, மூக்கு கல்லில் இடிக்கிற தூரத்தில், வெகுநேரம் பார்த்தார்.

"இப்பப் புரியுது" என்றார் கடைசியில். "எல்லா ஜனத்துக்கும் ரெண்டு ரெண்டு பேர். இங்க மட்டும் ஏன் ஒருத்தர் ஒருத்தர்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இவங்களும் ரெண்டு பேர்தான். ஒரே ஜனம், ஒரே தொப்பி, ரெண்டு பேர் கையிலயும் எண்ணெய்க் குடம். அப்புறம் எவனோ ஒரு வரி அதிகாரி வந்திருப்பான். ஆத்துக்கு இந்தப் பக்கம் எண்ணெய், அந்தப் பக்கம் கிடான்னு பிரிச்சா வசூல் சுலபம்னு தோணியிருக்கும். சிற்பிகிட்ட சொல்லி ஒரு குடத்தக் கிடாவா மாத்தச் சொல்லியிருப்பான். என் ஊகம்தான், இன்னும் பாக்கணும். ஆனா ரெண்டு வேற ஜனம்ங்கறது இந்தக் கல்லுக்கு அப்புறம்தான் வந்திருக்கும்போல."

"அதுக்கு முன்னாடி நாங்க யாரு மேடம்?"

"ஆத்தங்கரை ஜனங்க. வேற என்ன?"

மந்திரி சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்தார். "ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும் மேடம்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெளியே நடந்தார்.

பாலத்தில் சங்கப் பொருளாளர் எதிரே வந்தார். "எங்க செயலாளரே, வேகமா?" என்று கேட்டார். மந்திரி கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அக்கரையில் இறங்கியதும்தான் விஷயம் உறைத்தது: தங்கை வீடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டார். அந்த ஆள் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, காக்கிக் கால்சட்டையைக் கீழிருந்து மேல் வரை பார்த்தார்.

"நீங்க யாரு?"

வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்விக்கு நிமிர்ந்து நின்று பதில் சொன்னவர் மந்திரி. கிடாக்காரர், மேற்குக் கரை, இன்னார் வம்சம் என்று அடுக்குவார். அதில் எதைச் சொன்னாலும் இந்தத் தெருவில் வழி கிடைக்காது.

"மின்சார வேல பாக்கறாரே, அவரோட மச்சான்."

"அட, அப்படிச் சொல்லுங்க! மூணாவது வீடு. நீலக் கதவு."

நீலக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சுவரோரம் அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. படம் மாட்டியிருந்த இடங்களில் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது. தங்கை தரையில் உட்கார்ந்து கடைசிப் பெட்டிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். முன்தலை நரைத்திருந்தது. முழங்காலில் கையை ஊன்றி மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

மந்திரிக்கு மூச்சு வாங்கியது. "கிடா இல்லம்மா! குடம்! நம்ம ஆளு கையில இருக்கறதும் குடம்தான். இப்பத்தான் லைட்டப் போட்டுப் பாத்தோம். நாம எல்லாரும் ஒண்ணுதானாம். மேடமே சொல்லிட்டாங்க."

"இதச் சொல்லத்தான் வந்தியாண்ணே?"

"ஆமா. இனிமே ஒரு தடையும் இல்ல. தாராளமா வரலாம், போகலாம்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எந்தக் காலத்துலயோ செத்துப்போன ராஜா வேணாம்னான், இத்தன வருஷம் வரல. இப்ப அவன் சரின்னுட்டான்னு வந்திருக்க. நாளைக்கு வேற லைட்டப் போட்டுப் பாத்துட்டு, இல்ல, கிடாதான்னு சொல்லிட்டா என்ன பண்ணுவ? திரும்பிப் போயிடுவியா?"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. மந்திரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"போமாட்டேன்" என்றார். "ராஜாவுமில்ல ஒண்ணுமில்ல. நாலு பேர் என்ன சொல்லுவாங்களோன்னு பயம். அவ்வளவுதாம்மா. வேற காரணம் எதுவும் எனக்கு எப்பவும் இருந்ததில்ல. நீ நாளைக்குப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஒதுங்கி வழி விட்டாள். அவர் உள்ளே வந்து நின்றுகொண்டே இருந்தார். உட்கார ஒரு நாற்காலிகூட வெளியே இல்லை. தரையிலேயே உட்கார்ந்தார்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

அவள் பெட்டிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கடைசியில் அடியில் இருந்த ஒன்றை இழுத்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள், வரவில்லை. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். அந்த நேரத்தில் அவள் புருஷன் ஏணியோடு உள்ளே நுழைந்தார்.

"என்ன இது, கட்டினதெல்லாம் பிரிக்கற? காலைல ஆறு மணிக்கு லாரி வந்துடும்."

"வரட்டும். அண்ணனுக்குத் தட்டு வேணும். நம்ம வீட்ல சாப்பிடறது இதுதான் முதல் தடவ."

மின்சாரக்காரர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். மந்திரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அப்புறம் டம்ளர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே, அவரும் ஒரு கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தார்.